மலை வெளிச்சத்தில் மேக்கப்: ஒரே நிறம், வேறு வேறு முகம்

ஊட்டி, குன்னூர் பக்கம் நடந்த ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டுங்கள். மணப்பெண் அறையில் கண்ணாடி முன்னால் எடுத்த படத்தில் கன்ன எலும்பு செதுக்கி வைத்ததுபோல் தெரியும். தாடை கூர்மையாக இறங்கும். சற்று நேரம் கழித்து மண்டபத்துக்கு வெளியே, மூடுபனிக்குள் நிற்கவைத்து எடுத்த படத்தில் அதே பெண்ணின் கன்னங்களில் இரண்டு பழுப்புத் தீற்றல்கள் மட்டும் தனியாகத் தெரியும். முகமோ பழையபடி உருண்டை. ஓமம் வளர்க்கும்போது எடுத்த படம் இன்னொரு விதம்: தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறி, கன்னம் உப்பியதுபோல் இருக்கும். காலையில் போட்ட மேக்கப்பை இதற்கிடையில் யாரும் தொடவில்லை. சொந்தக்காரர்கள் பார்லர் அக்காவைக் குறை சொல்வார்கள். அவர் மேல் பெரிய தப்பு இல்லை. அவர் படித்த பாடம் வேறொரு வெளிச்சத்துக்காக எழுதப்பட்டது.

அந்தப் பாடம் பலருக்கும் தெரிந்ததுதான். வட்ட முகமா, கன்ன எலும்புக்குக் கீழே ஒரு நிழல் இழு. சதுர முகமா, தாடையின் இரண்டு முனைகளையும் அடக்கு. நீள முகமா, நெற்றியின் மேல் விளிம்பிலும் மோவாயிலும் கொஞ்சம் டார்க் ஷேடு வை. நெற்றி அகன்று மோவாய் குறுகிய ஹார்ட் வடிவமா, நெற்றியின் ஓரங்களைக் குறை. எந்த முகத்தோடு வந்தாலும் கடைசியில் முட்டை வடிவத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இலக்கு. முட்டை வடிவம்தான் அழகு என்று யார் தீர்ப்பு எழுதினார்கள் என்ற சண்டைக்கு நான் இங்கே போகவில்லை. டார்க் ஷேடு வைத்த இடம் ஏன் உள்ளே போனதுபோல் தெரிகிறது, எப்போது அப்படித் தெரியாமல் போகிறது என்பதைப் பார்த்தாலே போதும், மலைக் கல்யாண ஆல்பத்தின் புதிர் பாதிக்கு மேல் அவிழ்ந்துவிடும்.

மேலே ஒரு விளக்கு இருப்பதாக நினைக்கும் மூளை

இதற்குத் தெளிவான விடை தந்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் பெயர் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன். 1988-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் எளிமையான சில வட்டங்கள் வரும். வட்டத்தின் மேல்பக்கம் வெளுப்பு, கீழே போகப் போகக் கறுப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு அவை புடைத்த மேடுகளாகத் தெரியும். அதே தாளைத் தலைகீழாகப் பிடித்தால் மேடெல்லாம் குழியாகிவிடும். மை அதேதான், தாளும் அதேதான். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மூளை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த உயிருக்கு இது நியாயமான அனுமானம்தான்.

காண்டூர், அதாவது இப்படி டார்க் ஷேடு வைத்து முகத்தைச் செதுக்கிக் காட்டும் முறை, இந்த அனுமானத்தைத்தான் நம்பியிருக்கிறது. கன்ன எலும்புக்கு அடியில் பழுப்பைத் தீட்டினால், மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு அந்த இடம் பள்ளமாக இருப்பதால் நிழல் விழுந்திருக்கிறது என்று மூளை கணக்குப் போடும். எலும்பின் மேல் பளபளக்கும் ஹைலைட்டர் வைத்தால், அது முன்னே நீட்டிக்கொண்டு ஒளியை வாங்குகிறது என்று நினைக்கும். இதைத் தொழிலாகவே வளர்த்தது ஹாலிவுட். 1930-களில் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் நடிகையின் முகத்துக்கு நேர் எதிரே, உயரத்தில், ஒரு விளக்கை வைத்துப் படமெடுக்கும் முறை பிரபலமாக இருந்தது. மூக்குக்கு அடியிலும் கன்ன எலும்புக்கு அடியிலும் நிழல் விழும். நடிகை மார்லீன் டீட்ரிச்சின் புகழ்பெற்ற குழிந்த கன்னத்தில் பாதி அந்த விளக்குக்குச் சொந்தம். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மேக்ஸ் ஃபேக்டர் கலர் படங்களுக்காகச் செய்த பான்கேக் மேக்கப் கடைகளுக்கும் வந்தது. ஸ்டூடியோவுக்குள் இருந்த ரகசியம் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. விளக்கு மட்டும் வரவில்லை.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பிழைக்கும் ஒரு உயிர் முதுமலையில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. புள்ளிமானுக்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. மேலிருந்து வெயில் விழும்போது முதுகு வெளிறும், வயிற்றில் நிழல் விழும். பழுப்பும் வெள்ளையும் அதைச் சரிக்கட்டிவிடுவதால் உடலின் உருண்டை மழுங்கிப்போகும். விலங்குகளின் இந்த நிற அமைப்பை 1896-ல் விளக்கி எழுதிய ஆபட் தேயர் ஒரு ஓவியர். நிழல் தீட்டித் தட்டைத் துணியில் உருண்டை காட்டுவதே அவர் தொழில். உருண்டையைத் தட்டையாக்கும் வித்தை அவர் கண்ணில் படாமல் இருக்குமா? தாடைக்கு அடியிலும் கழுத்திலும் முகத்தைவிட வெளுப்பாகப் பூசிய மணப்பெண்ணுக்குத் தாடைக்கோடே காணாமல் போவதும் இதனால்தான். மானுக்கு அது லாபம், மணப்பெண்ணுக்கு நஷ்டம்.

மூடுபனிக்குள்

சரி, இப்போது விளக்கை எடுத்துவிடுவோம். ஊட்டியில் ஆடி மாதத்து முற்பகல். கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் ஐப்பசி. மூடுபனி இறங்கினால் காற்றில் மிதக்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. மேலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்த வெளிச்சம் பக்கத்திலிருந்தும், கொஞ்சம் கீழிருந்தும்கூட வர ஆரம்பிக்கும். மூக்குக்கு அடியில் நிழல் இல்லை, கண்குழியில் நிழல் இல்லை, தாடைக்கு அடியில் சாம்பல் பூத்த மாதிரி லேசாக ஏதோ இருக்கும். முகத்தின் சொந்த நிழல்கள் எல்லாம் விலகிக்கொண்ட பிறகு, பூசிய நிழல் மட்டும் மிஞ்சுகிறது. துணைக்கு வேறு நிழல் இல்லாததால் மூளை அதைக் குழி என்று எடுத்துக்கொள்வதில்லை. சாயம் என்று எடுத்துக்கொள்ளும். ஓரங்களைக் கரைத்துவிடும் பிளெண்ட் சரியாக இல்லாவிட்டால் அழுக்கு என்றே எடுத்துக்கொள்ளும்.

தட்டையான வெளிச்சத்தில்தான் காண்டூர் கூடுதலாகத் தேவை என்று சொல்லும் கலைஞர்கள் உண்டு. ஸ்டூடியோ கேமராவுக்கு அது சரிதான். கேமராவுக்கு ஒரே கண்; ஒரே இடத்தில் நிற்கும்; அது பார்க்கும் முகமும் அந்த நொடிக்கு அசையாது. கல்யாண வீட்டில் அத்தை இரண்டு கண்ணால் பார்க்கிறார், அருகே வந்து கையைப் பிடித்துப் பேசுகிறார், பெண் தலையைத் திருப்புகிறாள். உண்மையான நிழல் தலை திரும்பும்போது நகரும். தீட்டிய நிழல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். கண்டுபிடிக்க அத்தைக்கு ஒரு நொடி போதும். தூரத்தில் நிற்பவர்களுக்கோ பனித்திரை நடுவில் தொங்குவதால் அந்த மெல்லிய பழுப்பு தெரியவே தெரியாது. ஆக, அருகில் அதிகம், தொலைவில் பூஜ்யம்.

பனிக்குள் வடிவத்தைத் தாங்குவது எது என்றால் விளிம்புகள்தான்: புருவம், கண் இமை ஓரம், உதடு. தோலுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் நிழலை நம்பி இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் வந்தாலும் அது அங்கேயே இருக்கும். அதனால் மலையில் வெளிப்புறப் படங்களுக்குத் தயாராகும் வட்ட முகத்துக்கு, கன்னத்தில் இழுக்கும் பட்டையைவிடப் புருவத்தின் வால் எங்கே முடிகிறது, மை எவ்வளவு நீள்கிறது என்பதே அதிக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உதட்டு நிறத்துக்கு மலையில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிச்சம் குறையும்போது நம் கண் பகல் பார்வையிலிருந்து இரவுப் பார்வைக்கு மாற ஆரம்பிக்கும். இரவுப் பார்வைக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. சிவப்புப் பூ கறுத்தும் நீலப் பூ பளிச்சென்றும் தோன்றும் இந்த மாற்றத்தை 19-ம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு ஆய்வாளர் புர்க்கின்யே கவனித்து எழுதினார். பனி மூடிய மாலையில், நன்றாக இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஊட்டி ஏரிக்கரையில் நிற்கும்போது மெரூன் லிப்ஸ்டிக் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். கறுத்த உதடு சிறுத்துத் தெரியும், அதைச் சுற்றியுள்ள கன்னம் இன்னும் அகன்று தெரியும். நீள முகத்துக்கு அது ஓரளவு உதவும். வட்ட முகத்துக்கு எதிராகப் போகும். அந்த நேரத்துக்குப் பவழம், செங்கல் நிறம், கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு நல்லது. அவற்றில் வெளுப்பு கூடுதல் என்பதால் இருட்டில் முழுதாகச் சாய்ந்துவிடாது.

வட்டம், சதுரம், மற்றவை

வட்ட முகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் பார்லரில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். "கன்னம் குண்டா தெரியுது, ஒல்லியா காட்டுங்க அக்கா." உருண்டை கன்னம், பெரிய கண், சிறிய மோவாய் எல்லாம் குழந்தை முகத்தின் அடையாளம். அப்படிப்பட்ட முகம் கொண்ட பெரியவர்களைப் பார்க்கிறவர்கள் வெகுளி, அன்பானவர், நம்பலாம், ஆனால் அதிகாரம் செய்யத் தெரியாதவர் என்று தாமாகவே முடிவுகட்டுவதை அமெரிக்க உளவியலாளர் லெஸ்லி செப்ரோவிட்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார்கள் பால் வடியும் முகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். முகத்துக்குச் சொந்தக்காரரின் குணம் வேறாக இருக்கலாம். பார்ப்பவர் அதுவரை காத்திருப்பதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், தொடோரோவ் இருவரும் 2006-ல் செய்த சோதனையில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே ஆட்கள் அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். நேரம் கூடுதலாகத் தந்தபோது அந்த அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. தாங்கள் சொன்னது சரி என்ற உறுதிதான் கூடியது.

அப்படியானால் வட்ட முகத்தில் கன்னத்துக்குச் சிவப்பூட்டும் பிளஷ் எங்கே வைக்கிறோம் என்பது வெறும் அழகுக் கேள்வி மட்டும் இல்லை. சிரிக்கும்போது எழும்பும் கன்ன மேட்டில், வட்டமாக, ரோஸ் நிறத்தில் வைத்தால் பால் வடியும் முகத்தில் இன்னும் ஒரு படி பால் ஊற்றியதாகும். நிச்சயதார்த்தத்துக்கு அது நன்றாகவே இருக்கும். ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று, அறை கிடைக்காத சுற்றுலாக்காரர்களின் கோபத்தைச் சமாளிக்க வேண்டிய பெண்ணுக்கு அது உதவாது. அவர் அதே நிறத்தைக் கன்ன எலும்பின் மேல் விளிம்பில், காதின் மேல் நுனியை நோக்கிச் சாய்வாக இழுத்தால் பார்வை மேலேயும் வெளியேயும் ஏறும். முகம் சற்று நீண்டு, வயதும் நிதானமும் கூடியதாகத் தெரியும். இதற்குக் கறுப்பு நிழல் தேவையில்லை. சிவப்பு என்பது ரத்தத்தின் நிறம்; எந்த வெளிச்சத்திலும் கன்னத்தில் அது இருப்பது இயல்பு. அதனால் பனியிலும் பழுப்புப் பட்டை போல அது காட்டிக்கொடுக்காது. மலையில் காண்டூரைக் குறைத்து பிளஷைக் கூட்டுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். குளிர்காற்றில் நடந்துவிட்டு வந்தவர்களின் கன்னம் எங்கே சிவக்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில், எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

கண் விஷயத்தில் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் குறைவு. ஆனால் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முகம் நீளமாகத் தெரியட்டும் என்று புருவத்தைக் கீழ்ப்பக்கமாக நிறைய எடுத்து, த்ரெட்டிங்கில் வில்லாக உயர்த்திவிடுகிறார்கள். ஜப்பானில் மொரிகாவா குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், புருவம் கண்ணுக்கு அருகில் இருக்கும்போது கண் பெரிதாகத் தெரிகிறது, ஐ ஷேடோ போட்டாலும் கண் பெரிதாகத் தெரிகிறது, அதுவும் தள்ளி நின்று பார்க்கும்போது இந்த மாயம் கூடுகிறது என்று கண்டார்கள். உயர்த்திய மெல்லிய புருவம் முகத்தை நீட்டலாம், ஆனால் கண்ணைச் சின்னதாக்கிவிடும். கண் சின்னதானால் கன்னம் பெரிதாகத் தெரியும். வட்ட முகக்காரர் கேட்டு வாங்கும் வினை இது.

சதுர முகத்தில் நான் தாடையைத் தொடவே வேண்டாம் என்பேன். அகன்ற தாடை உள்ள பெண்ணைப் பார்த்தவுடன் பிடிவாதக்காரி என்று பெயர் வைப்பது ஊர் வழக்கம்; அந்தப் பெயரைத் துடைக்கத்தான் தாடை முனையில் பழுப்பைக் குழைத்து அப்புகிறார்கள். தாடை முனை என்பது பக்கவாட்டில் இருக்கிறது. நேராகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது முகத்தின் எல்லைக்கோடு. எல்லைக்கோட்டை நிறத்தால் நகர்த்த முடியாது; பின்னால் இருக்கும் கூந்தலோ புடவையோ கறுப்பாக இருந்தால் மட்டுமே அதோடு கலந்து மறையும். அதைவிட, பார்வையை நடுவே இழுப்பது எளிது: உதட்டில் நல்ல நிறம், அதன் விளிம்பு கூர்மையில்லாமல் வளைவாக, நெற்றியில் வட்டப் பொட்டு. அவ்வளவுதான்.

நீள முகத்துக்குப் பிளஷ் குறுக்காக, கண்ணுக்கு நேர் கீழே காதை நோக்கி. ஹார்ட் வடிவத்துக்கு மோவாயில் கொஞ்சம் வெளுப்பு. இவற்றில் சர்ச்சை அதிகம் இல்லை.

பொட்டைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வரி. மேக்கப் பாடங்கள் பெரும்பாலும் பொட்டில்லாத முகத்துக்கு எழுதப்பட்டவை. நம் முகத்தின் நடுக்கோட்டில், எல்லோர் கண்ணும் முதலில் போய் விழும் இடத்தில், அடர்ந்த நிறத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, கன்ன ஓரத்தில் அரை ஷேடு வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிறோம். நீளவாக்கில் இட்ட திலகமும் நெற்றிச்சுட்டியும் சேர்ந்தால் வட்ட முகம் நிச்சயமாக நீளும். பெரிய வட்டப் பொட்டைப் புருவ மத்தியில் தாழ்த்தி வைத்தால் நீள நெற்றி குறையும். காண்டூர் கிட் விலையில் பத்து வருடத்துப் பொட்டு வாங்கலாம்.

வெளுப்பு என்னும் வியாதி

எல்லா வடிவத்துக்கும் பொதுவாக வரும் கேடு ஒன்று உண்டு. "பொண்ணு பளிச்சுன்னு தெரியணும்" என்பார் அம்மா. அதற்குப் பொருள் இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன். 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல்தான் பெயரில் இருந்த ஃபேரைக் கழற்றி வைத்தது. இடைப்பட்ட 45 ஆண்டில் அந்த ஆசை டப்பாவைவிட்டு இறங்கி வீட்டுக்குள் குடியேறிவிட்டது. நிறவெறி பற்றிச் சொல்ல வேண்டியதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, வெளுப்பாக்கினால் முக வடிவமே கெடும் என்பது.

தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு கறுப்புத் தோலிலும் வெள்ளைத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் கறுப்புத் தோலின் உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி குறைவு என்பதால், அதன்மேல் அந்தப் பளபளப்பு நன்றாக எடுத்துத் தெரியும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, நெற்றி மேடு எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பது இந்த மினுமினுப்புதான். வெளுத்த தோலில் அந்த வேலையை நிழல் செய்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரப் பாடங்களில் நிழலுக்கு அத்தனை இடம். கறுப்பான பெண்ணின் முகத்தில் பளபளப்பில்லாத, வெளுத்த மேட் பவுடரை அப்பினால் அவளுக்கு வாய்த்த மினுமினுப்பும் போய்விடும், வெள்ளைத் தோலின் நிழலும் வந்து சேராது. தட்டையான ஒரு தட்டு மிஞ்சும். பிறகு அந்தத் தட்டில் மூக்கையும் கன்னத்தையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி நிறைய உள்ள கிரீமாக இருந்தால் மலையின் நீலம் கலந்த மேகவெளிச்சத்தில் அது சாம்பல் பூத்து வேறு தெரியும்.

பளிச்சென்று தெரிய வைப்பது தோலின் வெளுப்பைவிட, தோலுக்கும் கண், உதட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009-ல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரே முகத்தை எடுத்து, கண், உதட்டின் எடுப்பை ஒரு படத்தில் கூட்டியும் இன்னொன்றில் குறைத்தும் காட்டினார். கூட்டியது பெண்ணாகவும் குறைத்தது ஆணாகவும் தெரிந்தது. மேக்கப் அந்த எடுப்பையே கூட்டுகிறது என்பது அவர் வாதம். வயது ஏற ஏற இந்த எடுப்பில் சில அம்சங்கள் மங்குவதையும் அவர் பங்கேற்ற 2013 ஆய்வு காட்டியது. எடுப்பு என்பது பக்கத்து நிறத்தைப் பொறுத்தது என்பதற்குப் பழனி மலையில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் கரும்புள்ளிகளாகத் தெரியும் இடங்கள் சுற்றுப்புறத்தைவிட 1,000 டிகிரிக்கும் மேல் குளிர்ந்தவை, அவ்வளவுதான். அந்தப் புள்ளியை மட்டும் தனியே வெட்டி வானத்தில் வைத்தால் கண் கூசும். பக்கத்தில் இருப்பது அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் கறுப்பாகிவிட்டது. முகத்திலும் தோலின் ஷேடு தனியாக எதையும் சொல்வதில்லை. அம்மா கேட்ட பளிச்சு நல்ல கண்மையிலும் சரியான உதட்டு நிறத்திலும் கிடைத்துவிடும். தோலை அதன் சொந்த ஷேடிலேயே விட்டுவிடலாம்.

சொந்த ஷேடு எது என்பதே மலையில் ஒரு குழப்பம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். குளிர்கிறதே என்று வெயிலில் உட்காருவார்கள். சமவெளிக்காரர்கள் நிழல் தேடும் நேரத்தில் இங்கே வெயில் தேடுவார்கள். தோட்ட வேலை செய்பவர்களுக்குக் கன்னமும் மூக்கும் கழுத்தைவிட இரண்டு ஷேடு கறுத்திருக்கும். கன்னத்தில் வைத்து ஷேடு பார்த்தால் கழுத்து வெளுத்துத் தெரியும், கழுத்தில் வைத்துப் பார்த்தால் முகம் முகமூடியாகும். மத்தியில் ஒரு ஷேடு எடுத்து, முகத்தின் ஓரங்களை அப்படியே விட்டு, நடுவில் மட்டும் மெல்லப் பூசுவதே நல்லது. வெயில் பட்டுக் கறுத்த ஓரமே இலவச காண்டூர். கருத்துப்போச்சு என்று புலம்புவதற்குப் பதில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

துணி, தேயிலை, போன்

முகத்துக்குக் கீழே என்ன நிறம் இருக்கிறது என்பதை மேக்கப் பாடங்கள் பேசுவதில்லை. படுகர் வீட்டு விசேஷங்களில், ஹெத்தையம்மன் பண்டிகையில், பெண்கள் வெள்ளைத் துணி உடுத்தி நிற்பதைப் பார்த்தால் இது புரியும். வெள்ளைத் துணி வானத்து ஒளியை வாங்கித் தாடைக்கு அடியில் திருப்பி அனுப்புகிறது. புகைப்படக்காரர்கள் வெள்ளை தெர்மோகோல் அட்டையைப் பிடித்துச் செய்யும் வேலையை உடையே செய்துவிடுகிறது. கண்ணுக்குக் கீழ் கருவளையம் குறைகிறது, சுருக்கம் குறைகிறது, முகம் மிருதுவாகிறது. அதே சமயம் தாடைக்கோடு கரைகிறது. அரக்கு நிறப் பட்டு இதற்கு நேர் எதிர். ஒளியை விழுங்கிவிடும், தாடை நிழல் ஆழமாகும், முகம் ஒடுங்கித் தெரியும். ஆக, அரக்குப் பட்டு கட்டிய பெண்ணுக்குத் தாடைக்கு அடியில் காண்டூர் வீண் செலவு. வெள்ளையோ சந்தன நிறமோ கட்டியவருக்கு மட்டும் கொஞ்சம் தேவைப்படலாம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் படமெடுப்பது இப்போது கட்டாயச் சடங்காகிவிட்டது. வெயில் அடித்தால் இலைகள் பச்சை ஒளியை இடுப்பு உயரத்திலிருந்து மேலே தெறிக்கும். மாநிறத் தோலில் அது சோகை பிடித்த சாயலைத் தரும்; இளரோஸ் பிளஷ் அதில் செத்துவிடும். பீச், பவழம், செம்பு பக்கம் போனால் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் போன். மூக்கு அகலம் என்று காண்டூர் கேட்கிறவர்களில் பலர் மூக்கைப் பார்த்தது செல்ஃபியில்தான். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபி, ஐந்து அடி தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு; காது தள்ளி இருக்கிறது; அதனால் வந்த வினை. போன் செய்த கோளாறைத் திருத்த மூக்கின் இரு பக்கமும் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு, ஊட்டி சாரிங் கிராஸ் பஸ் ஸ்டாப்பில் நாலு அடி தள்ளி நிற்பவர்களுக்கு முன்னால் நிற்கிறோம். அவர்கள் கண்ணுக்கு மூக்கு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

எவ்வளவு போட்டால் போதும் என்பதற்கும் ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் நான்சி எட்காஃப் குழுவினர் 2011-ல் ஒரே பெண்களின் முகங்களை மேக்கப் இல்லாமலும், இயல்பு முதல் பகட்டு வரை மூன்று அளவு மேக்கப்பிலும் காட்டினார்கள். கால் நொடி மட்டும் பார்த்தவர்கள் எல்லா அளவு மேக்கப்புக்கும் அழகு, திறமை, நம்பகம் எல்லாவற்றிலும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். வேண்டிய நேரம் பார்த்தவர்களோ பகட்டு மேக்கப்பின் நம்பகத்தில் கைவைத்தார்கள். செலவுக்குப் பணம் தந்தது ஒரு மேக்கப் கம்பெனி என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய ஆய்வு. ஆனாலும் விடை நம் அனுபவத்தோடு ஒட்டிப்போகிறது. மேடையில் தூரத்தில் நின்று கால் நொடியில் கடந்துபோகும் வரவேற்புக்கு அழுத்தமான நிறம் தாங்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வேலைக்கு, வங்கி கவுன்டருக்கு, பெண் பார்க்கும் படலத்துக்கு அது எதிராகத் திரும்பும்.

முகூர்த்தத்துக்குத் தயாராகும்போது முதலில் கேட்க வேண்டியது மணமேடையின் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பது. ஓமத் தீ முழங்கால் உயரத்தில் எரியும். அதன் ஒளி கீழிருந்து ஏறுவதால் கன்ன எலும்புக்கு அடியில் வைத்த நிழலை அழித்துவிடும். தீயின் மஞ்சளில் சிவப்பு உதடு வெளிறித் தெரியும், பூசு மஞ்சள் கண்ணுக்கே எட்டாது. அங்கே உதட்டு நிறத்தை ஒரு படி கூட்டியும், கன்னத்து நிழலைக் கைவிட்டும் போகலாம். வீடியோகாரர் தலைக்கு மேலே பெரிய எல்இடி பேனல் நிறுத்தினால் கதை மாறும், பழைய பாடம் அப்போது செல்லும். டிரையலைப் பார்லரின் ரிங் லைட் முன்னால் பார்ப்பதைவிட ஜன்னலோரம் ஒரு முறை, ஒரு குத்துவிளக்கைக் கீழே வைத்து ஒரு முறை பார்ப்பது உத்தமம். மார்கழி, தை மாத விடியலில் கிரீம் கெட்டிப்பட்டுத் திட்டுத்திட்டாக உட்காரும். டப்பாவைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்து, அது இளகிய பிறகு தொடுங்கள். ஓரங்கள் பிளெண்ட் ஆகாத பிளஷ், எந்த முக வடிவத்திலும், எந்த வெளிச்சத்திலும் பிளஷாகத் தெரியாது.